எழுதிக் கொடுக்கத் தேவையில்லை என்றேன்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு முதலாண்டு அறிமுகப் பாடத்தைத்தான் கொடுத்திருப்பார்கள். எனக்குத் தெரிந்து சட்டக் கல்லூரிகளில் அதுதான் வழக்கம். குற்றம், சொத்து, ஒப்பந்தம் எல்லாவற்றையும் மூத்தவர்கள் எடுத்துக்கொள்வார்கள். ஒரு நாட்டின் சட்டம் எது, நாடுகளுக்கிடையிலான சட்டம் எது, இரண்டும் எங்கே மோதும் என்று சொல்லித்தரும் இந்தப் பாடத்தை யாரும் சீண்ட மாட்டார்கள். கடைசியாக வந்தவர் தலையில் கட்டுவார்கள். என் தலையிலும் கட்டினார்கள். மூத்தவனான பிறகும் நான் அதை இறக்கி வைக்காமல், வருஷா வருஷம் கேட்டு வாங்கிக்கொண்டேன். கிறுக்கன் என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொண்டார்கள். காரணத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது சொல்கிறேன். கேட்டு முடித்ததும் உங்களுக்கு உற்சாகம் பொங்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். எனக்கே இதை நினைத்தால் இன்றைக்கும் சோறு இறங்காது.

நான் செஞ்சிக்காரன். கோட்டைக்கு வருகிறவர்கள் மலையைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். கீழே ஊர் ஒன்று இருப்பது பாதிப் பேருக்குத் தெரியாது. அந்த ஊர்க் கடைவீதியில் நைனாவுக்கு, என் அப்பாவுக்கு, மல்லாட்டை மண்டி, வேர்க்கடலை மொத்த வியாபாரம். எங்களுடையது நயினார் குடும்பம், சமணர்கள். எறும்பை மிதிக்காமல் நடக்கச் சொல்லிக்கொடுத்த வீடு. அந்த வீட்டிலிருந்து சட்டம் படிக்க மெட்ராஸ் போன முதல் ஆள் நான். அறுபத்திரண்டில் சேர்ந்தேன். நான்கு மாதம் படித்துவிட்டுத் தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோது, கடைவீதி முழுவதும் என்னை வக்கீல் தம்பி என்று கூப்பிட ஆரம்பித்திருந்தது. நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பிறப்பால் வரும் குடியுரிமை, இரத்தத்தால் வரும் குடியுரிமை என்று ஒரு வாரம் பாடம் நடத்தியிருந்தார்கள். அந்த நோட்டுப் புத்தகத்தை ஊருக்கும் தூக்கிக்கொண்டு வந்திருந்தேன்.

அந்த லீவில் பொழுது போகாமல், சப்-ரிஜிஸ்தர் ஆபீசுக்கு எதிரே பத்திரம் எழுதும் ஒரு பெரியவரிடம் போய் உட்கார்ந்துகொள்வேன். அவர் பெயரைச் சொல்ல மாட்டேன்; அவர் பிள்ளைகள் இருக்கிறார்கள். எட்டாவதுக்கு மேல் படிக்காதவர். என் நோட்டுப் புத்தகத்தை எட்டிப் பார்த்துச் சிரிப்பார்.

அங்கேதான் அண்ணன் தம்பி இருவரும் வந்தார்கள். அண்ணன் பரசுராமன், தம்பி தணிகாசலம். அவர்கள் அப்பா புதுச்சேரிக்காரர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாய். ஆகவே பிள்ளைகள் இருவரும் பிறந்ததிலிருந்தே பிரெஞ்சுக் குடிமக்கள். அம்மா செஞ்சிப் பெண். பரசுராமன் புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு கிராமத்தில் அப்பாவின் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார். தணிகாசலம் அப்பா வழியில் பட்டாளத்துக்குப் போய், வியட்நாமில் சைகோன் நகரத்தில் வேலை பார்த்து, அங்கேயே கல்யாணம் செய்துகொண்டவர். மனைவி ரோஸ், புதுச்சேரி அப்பாவுக்கும் அந்த நாட்டு அனாமியத் தாய்க்கும் பிறந்தவள். ஒரே பெண் குழந்தை, லூசி. சைகோனில் இருக்க முடியாமல் போனபோது மனைவியும் குழந்தையும் கப்பலேறிப் பிரான்சுக்குப் போய்விட்டார்கள். அவரும் போயிருக்க வேண்டியவர். அந்த நேரத்தில் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து, செஞ்சியில் பிறந்த வீட்டில் படுத்த படுக்கையாகிவிட்டாள். பெண் பிள்ளை இல்லாத வீடு. இவர் அம்மாவைப் பார்த்துக்கொள்ள வந்தார். அம்மா காலம் முடிந்ததும் வந்துவிடுகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

பரசுராமன் கையில் ஒரு தினத்தாள் துண்டு. புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த வருஷம் அது. பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம் என்று நாலே வரி. யார் யார் தெரிவிக்க வேண்டும் என்று அதில் இல்லை.

"எனக்கு எதுவா இருந்தாலும் ஒண்ணுதான் தம்பி. மல்லாட்டைக்கு எந்த நாடுன்னு தெரியுமா? இவனுக்குத்தான் போவணும். பொண்டாட்டி புள்ள அங்க இருக்குது. இன்னா செய்யணும்னு பாத்து சொல்லுங்க" என்றார் பரசுராமன்.

நான் நோட்டைத் திறந்தேன். உடனே கேட்ட கேள்வி, யார் எங்கே பிறந்தீர்கள் என்பது. நல்ல கேள்விதான். இன்றைக்கும் அதைத்தான் முதலில் கேட்கச் சொல்வேன். நம் பக்கத்தில் தலைப்பிரசவம் தாய்வீட்டில். அதனால் மூத்தவர் பரசுராமன் செஞ்சியில், அன்றைக்கு இங்கிலீஷ்காரன் ஆண்ட மண்ணில் பிறந்திருந்தார். இரண்டாவது பிரசவத்துக்கு அம்மா வரவில்லை. தணிகாசலம் புதுச்சேரியில், பிரெஞ்சுக்காரன் மண்ணில் பிறந்தவர்.

இரண்டு கோடு போட்டேன். ஒன்றின் மேல் செஞ்சி, மற்றொன்றின் மேல் புதுச்சேரி என்று எழுதினேன். பிரெஞ்சு மண்ணில் பிறந்தவருக்குப் பிறப்பும் இரத்தமும் இரண்டுமே பிரெஞ்சு, அவர் உரிமையை யாரும் அசைக்க முடியாது என்றேன். செஞ்சியில் பிறந்தவருக்குத்தான் சிக்கல், அண்ணன்தான் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றேன். கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள். புதுச்சேரியை ஒப்படைக்க இரண்டு நாடுகளும் போட்ட ஒப்பந்தத்தின் ஒரு வரியைக்கூட நான் படித்திருக்கவில்லை.

பத்திரக்காரர் பேனாவைக் கீழே வைத்தார். "ஏன் தம்பி, ரெண்டு பேருமே எழுதிக் குடுத்துட்டா இன்னா கெட்டுப் போச்சி? ஒரு பேப்பர் தானே?"

அதற்கும் என்னிடம் பதில் இருந்தது. உறுதியாக உள்ள உரிமையை எதற்குக் கேட்க வேண்டும், கேட்டால் நமக்கே சந்தேகம் இருக்கிறது என்று ஆகிவிடும் என்றேன். சீனாவோடு சண்டை தொடங்கியிருந்த நேரம். சீன முகச் சாயலில் அனாமிய மாமியார் உள்ளவர் தானாகப் போய் எதற்குப் பேரைப் பதிய வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டேன். பெரியவர் விடவில்லை. பஸ் ஏறிப் புதுச்சேரிக்குப் போய் ஒரு வார்த்தை கேட்டுவிடட்டும் என்றார். சட்டம் தெரியாமல் குறுக்கே பேசாதீர்கள் என்று அவரிடம் சொன்னேன். அவர் வயது என் நைனாவைவிட அதிகம். அவர் மறுபடி பேனாவை எடுத்துக்கொண்டார்.

தணிகாசலம் என்னைப் பார்த்துக் கேட்டார்: "அப்ப நான் போவ வாணாம்ல தம்பி? அம்மாவ ஒரு நாள் உட்டுட்டுப் போறதுகூட கஷ்டமா இருக்குது. திரும்பிப் படுக்க வெக்கறதுக்கே ஆள் வேணும்."

"வேண்டாண்ணே. நீங்க எழுதிக் குடுக்கத் தேவையே இல்ல. அம்மாவப் பாத்துக்குங்க" என்றேன். அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்து எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. சட்டம் படித்ததற்கு இதுதானே பலன் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், எங்கள் சமண வழக்கப்படி விளக்கு வைப்பதற்குள் நன்றாகச் சாப்பிட்டேன்.

இதுவரைக்கும் நடந்தது ஒரு சின்னப் பையனின் அதிகப்பிரசங்கித்தனம். அதோடு நின்றிருந்தால் திருத்தியிருக்கலாம். பொங்கல் லீவில் நான் வந்தபோது இன்னும் ஒரு மாதம் கெடு இருந்தது. அப்போது நடந்ததை நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும்.

பரசுராமன் புதுச்சேரியில் பிரெஞ்சு ஆபீசுக்குப் போய் எழுதிக் கொடுக்கப் பார்த்திருக்கிறார். அங்கே இருந்தவர் பிறந்த ஊரைப் பார்த்துவிட்டு, உங்களுக்கு இது தேவையில்லை, நீங்கள் எழுதாமலே பிரெஞ்சுக் குடிமகன்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டார். பண்டிகைக்கு அம்மாவைப் பார்க்க வந்த இடத்தில் பரசுராமன் சிரித்துக்கொண்டே இதை என்னிடமும் தம்பியிடமும் சொன்னார்.

"எனக்கே வாணாம்னுட்டான் தம்பி. செஞ்சியில பொறந்தவனுக்கே வாணாம்னா, இவனுக்கு எதுக்கு? நீங்க சொன்னது கரெக்ட்டுதான்."

நான் சொன்னது கரெக்ட் இல்லை. அவருக்குச் சிக்கல் என்று நான் சொல்லியிருந்தேன். சிக்கலே இல்லை என்று பதில் வந்திருந்தது. என் கோடு இரண்டில் ஒன்று தப்பு என்று எதிரே நின்று ஒரு மனிதர் சொல்கிறார். ஒரு கோடு தப்பானால் மற்றதும் தப்பாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். ஒரு மாதம் இருந்தது. மெட்ராசில் நூலகம் இருந்தது. ஒரு தபால் கார்டு போட்டுப் பேராசிரியரைக் கேட்டிருக்கலாம். எனக்குத் தோன்றியதோ, பிரெஞ்சுக்காரன் தாராளமாக நடந்துகொள்கிறான் என்பது மட்டும்தான். எதிர்பார்த்ததைவிட நல்ல பதிலாக இருந்ததால் அது ஏன் வந்தது என்று கேட்கவில்லை. கெட்ட பதில் வந்திருந்தால் நிச்சயம் ஓடிப்போய்ப் படித்திருப்பேன். இந்த இடத்தில்தான் நான் அந்தக் குடும்பத்தைக் கவிழ்த்தேன். தீபாவளியில் செய்தது அறியாமை. பொங்கலில் செய்ததற்கு என்னால் அந்தப் பெயர் வைக்க முடியவில்லை.

மாசி பிறந்து கெடு முடிந்தது. பங்குனியில் அவர்கள் அம்மா இறந்துபோனாள். காரியம் முடிந்த மறு வாரம் தணிகாசலம் தன் பழைய பிரெஞ்சுக் காகிதங்களை எல்லாம் எடுத்துக்கொண்டு புதுச்சேரிக்குப் போனார். பிரெஞ்சு அதிகாரிகள் மரியாதையாக உட்காரவைத்துக் காகிதங்களைப் பார்த்திருக்கிறார்கள். பிறகு, நீங்கள் குறித்த காலத்தில் எழுதித் தரவில்லை, ஆகவே இப்போது இந்தியக் குடிமகன் என்று சொல்லிவிட்டார்கள். அவர் அங்கே இருந்த பெஞ்சில் சாயங்காலம் கதவு சாத்தும்வரை உட்கார்ந்திருந்தாராம். பரசுராமன் போய்க் கூட்டி வந்திருக்கிறார்.

கடிதம் எனக்கு மெட்ராசில் கிடைத்தது. அன்றைக்குத்தான் முதன்முதலாக நூலகத்தில் ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்கினேன். நின்றுகொண்டே படித்தேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. நிலம் கைமாறும்போது அந்த நிலத்தில் பிறந்தவர்களும் நிலத்தோடு கைமாறுகிறார்கள். புதுச்சேரி மண்ணில் பிறந்து அங்கேயோ இந்தியாவிலோ குடியிருப்பவர், எழுதித் தந்தால் ஒழிய, இந்தியர். வேறு எங்கோ பிறந்து புதுச்சேரியில் குடியிருப்பவர், எதுவும் எழுதாமலே பிரெஞ்சுக்காரர். தாய்வீட்டில் பிறந்ததால் அண்ணன் தப்பினார். அப்பா ஊரில் பிறந்ததால் தம்பி மாட்டிக்கொண்டார். நான் போட்ட கோடுகள் இரண்டும் அப்படியே தலைகீழ். நாடுகளுக்கிடையிலான சட்டத்தைப் பற்றி எனக்கு அதுவரை ஒரு இழவும் தெரியாது என்பது அன்றைக்குத் தெரிந்தது. ஒரு நாட்டுச் சட்டத்தில் பிறப்பு உங்களை ஊன்றி நிறுத்தும். இரண்டு நாடுகள் உட்கார்ந்து பேசும்போது அதே பிறப்பு உங்களைத் தூக்கிக் கொடுத்துவிடும். எந்த மாணவனுக்கும் இதை முதல் வாரமே சொல்லிவிடுங்கள்.

கோடை லீவில் ஊருக்கு வர எனக்குக் கால் எழவில்லை. வந்த மறுநாள் காலையிலேயே அண்ணன் தம்பி இருவரும் மண்டிக்கு வந்துவிட்டார்கள். சத்தம் போடுவார்கள், சட்டையைப் பிடிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். அப்படி நடந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தணிகாசலம், "எப்டி தம்பி மாறிச்சி?" என்று மட்டும் கேட்டார்.

அவர் கேட்ட விதத்திலேயே எனக்கு ஒரு வழி இருந்தது. நான் தப்பாகச் சொல்லியிருப்பேன் என்ற எண்ணமே அவருக்கு வரவில்லை. எழுந்து நின்று, அண்ணே, நான் படிக்காமல் சொல்லிவிட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். நைனா கல்லாவில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். "பின்னாடி மாத்திட்டாங்க போல இருக்குதுண்ணே" என்று சொன்னேன்.

பரசுராமன் அதற்குள் ஒரு வழி யோசித்து வைத்திருந்தார். "தம்பி, எனக்கு அந்த நாட்டுக் குடியுரிமை இருக்குது. எனக்கு அது இன்னாத்துக்கு? எங்க ரெண்டு பேருக்கும் ஒரே மூஞ்சி, ஒரே வளர்த்தி. இவன் எம் பேர்ல போயிடட்டும். நான் இவன் பேர்ல இங்க இருந்துக்கறேன். ஊர்ல யாரும் வாயத் தொறக்க மாட்டாங்க."

தணிகாசலம் அண்ணனைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சரி என்று தலையாட்டியிருந்தால் அவர் அந்த வாரமே கிளம்பியிருப்பார். ஒருவேளை மாட்டிக்கொண்டிருப்பார். மாட்டாமலும் போயிருக்கலாம், அந்தக் காலத்தில் எத்தனையோ பேர் அப்படிப் போனதாகப் பின்னால் கேள்விப்பட்டேன். நான் ஆள்மாறாட்டம் பெரிய குற்றம், இரண்டு பேரும் உள்ளே போவீர்கள் என்று சொன்னேன். செக்‌ஷன் நம்பரோடு சொன்னேன். அந்த நம்பர் சரியான நம்பர்.

இத்தனை வருஷமாக நான் யோசித்துக்கொண்டிருப்பது அதைத்தான். சட்டப்படி அது ஒன்றுதான் நான் அவர்களுக்குச் சொன்ன சரியான ஆலோசனை. இன்றைக்கு என்னிடம் யாராவது வந்து கேட்டாலும் அதையேதான் சொல்வேன், சொல்லியாக வேண்டும். ஆனால் அவர்கள் குற்றம் செய்யக் கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வந்தது. குற்றம் என்னுடையது என்று சொல்ல வாய் வரவில்லை. சொல்லியிருந்தால் வேறு ஒரு வக்கீலிடமாவது போயிருப்பார்கள். தவறான ஆலோசனையால் கெடு தவறியது என்று அன்றைக்கே ஒரு மனு போட்டிருக்கலாம். ஏற்றிருப்பார்களோ இல்லையோ, போட்டிருக்கலாம். அந்த மனுவில் என் பெயர் வரும் என்பதால் நான் அதைப் பற்றி மூச்சே விடவில்லை.

அதற்குப் பதிலாக இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு நானே விண்ணப்பங்கள் எழுதிக் கொடுத்தேன். அழகான இங்கிலீஷ். அப்போது பாஸ்போர்ட் என்பது அரசாங்கம் பார்த்துக் கொடுப்பது. அந்நிய நாட்டுப் பட்டாளத்தில் இருந்தவர், மனைவி வெளிநாட்டுக்காரி, இங்கே சொத்து இல்லை. போலீஸ் வந்து விசாரித்துவிட்டுப் போனது. இரண்டு முறை முடியாது என்று பதில் வந்தது. அவர் அவலூர்பேட்டை சாலையில் ஒரு சைக்கிள் கடை வைத்தார். அண்ணன் வீட்டில் வந்து இரு என்றதற்கும் போகவில்லை. தபால்காரர் வரும் நேரத்தில் கடை வாசலில் நிற்பார்.

ஆரம்பத்தில் ரோஸ் தமிழில் எழுதினாள். பிறகு லூசி எழுத ஆரம்பித்தாள், பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சில். அவருக்குப் பட்டாளத்தில் பேசிய பிரெஞ்சுதான், படிக்க வராது. நான் மெட்ராசில் மாலை வகுப்புக்குப் போய் அந்த மொழியைக் கற்றுக்கொண்டேன். பரிகாரம் என்று நினைத்துக்கொண்டேன், வெட்கக்கேடு. ஒவ்வொரு லீவிலும் சைக்கிள் கடையில் உட்கார்ந்து அவள் கடிதங்களைப் படித்துச் சொல்வேன். லூசிக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது வந்த கடிதத்தில், அம்மா வேறு ஒருவரோடு குடும்பம் நடத்தப் போகிறாள், அவர் தன்னிடம் நல்லபடியாக இருக்கிறார், வீடு மாறுவதால் இனி இந்த முகவரிக்கு எழுத வேண்டாம் என்று இருந்தது. புது முகவரி இல்லை. ஒரு வரிகூட மாற்றாமல் படித்துச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, கையில் இருந்த டியூபைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டை எங்கே என்று பார்க்க ஆரம்பித்தார். அவர் மனசு உடைகிற உண்மையை என்னால் சொல்ல முடிந்தது. என் மானம் போகிற உண்மையை அன்றைக்கும் சொல்லவில்லை.

பாஸ்போர்ட் சட்டம் அதற்கு முன்பே மாறி, அவருக்கும் கிடைக்கும் என்ற நிலை வந்திருந்தது. மறுபடி விண்ணப்பம் போடலாமா என்று கேட்டேன். "எங்க போறதுக்குத் தம்பி?" என்றார்.

உங்களுக்கு இதிலிருந்து பாடம் வேண்டும் என்றால் எடுத்துக்கொள்ளுங்கள். மூல வாசகத்தைப் படிக்காமல் வாயைத் திறக்காதீர்கள். சந்தேகத்துக்கு இரண்டு பேரையும் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். எதிர்பாராத நல்ல பதில் வந்தால் பயப்படுங்கள். இதையெல்லாம் ஒவ்வொரு வருஷமும் முதல் வகுப்பில் சொன்னேன், யாரோ ஒரு மாணவன் செய்த தவறு என்று சொல்லி. பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். எதுவும் அவருக்குப் போய்ச் சேரவில்லை. ஒரு மனிதனைக் கெடுத்துக் கற்ற பாடத்தை ஆயிரம் பேருக்குச் சொல்லிக்கொடுத்தால் கணக்கு நேராகிவிடும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். நான் செய்து பார்த்தவன்.

அறுபத்தொன்பதில் எனக்கு விரிவுரையாளர் வேலை கிடைத்தது. செய்தி வந்த அன்று எங்கள் வீட்டில் கடைவீதிக் கூட்டம் முழுதும் நின்றது. தணிகாசலம் சைக்கிள் கடையைச் சாத்திவிட்டு, வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். பரசுராமன் மகன், கல்லூரியில் சேரப் போகிறவன், கூட வந்திருந்தான். அவனுக்கும் குடியுரிமைக் காகிதத்தில் ஏதோ கேள்வி இருந்தது. தணிகாசலம் அவன் தோளில் கை வைத்து என் முன்னால் நிறுத்தினார்.

"எதுவா இருந்தாலும் இவர்கிட்ட கேட்டுட்டு செய்யிடா. எனக்கு அன்னைக்கே கரெக்ட்டா சொன்னாரு. கவர்மெண்டுதான் பின்னாடி மாத்திடுச்சி" என்றவர், என் பக்கம் திரும்பினார். "இல்லீங்களா தம்பி?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நைனா தணிகாசலத்தின் பக்கத்தில்தான் நின்றிருந்தார். நைனா முகத்தில் அவ்வளவு பெருமையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"ஆமாண்ணே" என்றேன்.